இரண்டாம் குழாயில் ஒரு சொட்டு

எலிக்கல்லீரல் நாற்றம் பழகிவிட்டால் ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். நானும் மைரமும் வருஷக்கணக்காக அப்படித்தான் சாப்பிட்டோம். அவள் ரொட்டி கொண்டுவருவாள், நான் குதிரை இறைச்சி கொண்டுபோவேன். பிஷ்கேக் குளிரில் சிற்றுண்டிச்சாலைவரை யார் நடப்பது?

நீங்கள் ஜெர்மனியிலிருந்து வந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். மைரம் கண்டுபிடித்தது சரியென்று உங்கள் கூடத்தில் தெரிந்துவிட்டது, எங்கள் கூடத்தில் மட்டும் ஏன் பொய்த்தது என்று. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அவள் சொன்னது எளிமையான விஷயம். ஒரு மரபணுவை உயிரணு படியெடுக்க வேண்டுமானால், முதலில் சில புரதங்கள் அதன் தலைமாட்டில் வந்து கூட வேண்டும். எலியின் ஒரு மரபணுதான் அவற்றில் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதம் வராவிட்டால், மற்றவை எல்லாம் வந்து காத்துக் கிடந்தாலும் படியெடுப்பு தொடங்காது. மாப்பிள்ளை வராத கல்யாணம் என்பாள் மைரம். சோதனைக்கு இரண்டு குழாய்கள். முதலாவதில் எலிக்கல்லீரல் சாறு அப்படியே இருக்கும். இரண்டாவதில் அந்தப் புரதத்தை மட்டும் நீக்கிய சாறு. படியெடுப்பு நடந்தால் படத்தாளில் கறுப்புக் கோடு தெரியும்; முதல் குழாய்க்கு அது விழ வேண்டும். இரண்டாவதற்கு விழக்கூடாது.

முதல் தடவை அப்படியே வந்தது. படத்தாளை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, பாத்தீங்களா? ரெண்டாவதுல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாததப் பாத்து யாராவது இப்படிச் சந்தோஷப்படுவாங்களா?"

"ஒரு தடவ வந்தா போதுமாடி? எலி உன்னக் கிண்டல் பண்ணுதோ என்னவோ. திருப்பிச் செஞ்சு பாரு."

"செய்யறேன். மறுபடியும் இதே வந்தா ஜெர்மனிக்குக் கூப்பிடறாங்க. நான் போயிட்டா உங்களுக்கு யாரு ரொட்டி கொண்டுவருவா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சாறுகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து உருக்கிக் கொடுப்பது என் வேலை. அடுத்த தடவை, நீக்கி வைத்திருந்த புரதத்தில் ஒரு சொட்டை இரண்டாம் குழாயில் விட்டேன். நான் எதையும் திருடவில்லை, எதையும் உடைக்கவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் கொஞ்சம் திருப்பி வைத்தேன். இரண்டு குழாய்களுக்கும் கோடு விழுந்தது. அதற்கு அடுத்த தடவையும் விழுந்தது.

குற்றவுணர்வே இல்லாதவள் என்று என்னை எழுதிவிடாதீர்கள். குழாயைத் தொடும்போதெல்லாம் செய்வது தப்பென்று தெரியும். தெரிந்தேதான் விட்டேன்.

மைரம் தண்ணீரை மாற்றினாள், எலிகளை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். மாற்ற வேறெதுவும் இல்லாமல் போனபோது தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

"அக்கா, நானே தெரியாம அதுல சொட்டு விட்டுடறேனோ?"

அன்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரொம்பக் களைச்சுப் போயிருக்கடி. கை உன் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றேன்.

முதல் படத்தாளே போலி என்று பேச்சு கிளம்பியது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் மதிப்புள்ள விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், மறுபடி மறுபடி ஊற்றி உபசரிக்க. அவர் விளிம்புவரை ஊற்றினார். எழுந்து போ என்று அர்த்தம். மைரம் குடிக்காமல் வெளியே வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"நான் பொய் பண்ணிட்டேனாக்கா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"இருக்கலாம்டி" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என்னை இன்றுவரை தூங்கவிடவில்லை. மறுநாள் அவள் போய், ஆமாம், நான்தான் போலி செய்தேன் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு மனநல மருத்துவமனை. புருஷன் மகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஓஷ் நகரத்துக்குப் போய்விட்டான். மைரத்துக்குப் போக்கிடம் இல்லை, என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். செய்ததற்கு ஈடாக நான் வேறென்ன செய்ய முடியும்?

சொட்டு விட்டது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் நீங்கள் பேச வேண்டாம். நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். தன் கையையே நம்பாதவளிடம் இப்போது போய் எதைச் சொல்வது? நேற்றுகூட அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, உப்புப் போட்டேனா?" என்று கேட்டாள். அவள் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன்.

"இல்லடி, இன்னும் போடல" என்றேன்.