சின்னதாக ஒரு சறுக்கல்

இந்த நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்கு வராது. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாவிட்டால் கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், கேட்கிற உங்களுக்கும் எரிச்சலாக இருக்கும். இருபத்திரண்டு வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டியதில் வந்த வியாதி. வீட்டில் குளியலறையை விட்டு வெளியே வரும்போதுகூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறேன். என் மனைவி ஆரம்பத்தில் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை.

நான் வந்தது தண்ணீர்த் தொட்டி வளைவு விஷயமாக. அதை அகலப்படுத்திப் புதுத் தார் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேண்டாம் என்று ஒரு மனு எழுதிக்கொண்டு ரோடு ஆபீசுக்குப் போனேன். ஏன் என்று கேட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒருவன் செத்ததற்கு ரோடு காரணமில்லை, நான்தான் காரணம் என்றேன். உடனே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கூட்டி வந்துவிட்டார்கள். மனுவை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இதோ உங்கள் மேஜைமேல் வைக்கிறேன். அந்த டம்ளரை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிவிடுங்கள், கை பட்டால் விழுந்துவிடும்.

எனக்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிற தொழில். சொந்தப் பட்டறை. நாற்பதுக்கு மேல் முறுக்கமாட்டேன், அதனால் வாடிக்கைக்காரர்கள் நத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். வண்டி ஓட்டுகிறவன் மனசு எப்படி எப்படி மாறும் என்று என் பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முதல் வருஷம் தெருநாயைக் கண்டால்கூட இரண்டு காலையும் ஊன்றிவிடுவான். இரண்டாம் வருஷம் ஒரு கையால் ஓட்டுவான். மூன்றாம் வருஷம்தான் கண்டம். இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அதனால் இனிமேலும் ஆகாது என்று அவனே முடிவுகட்டிவிடுவான். ரோட்டில் இருக்கிற அத்தனை பேரும் தன்னைப் பார்த்து வழி விடத்தான் பிறந்திருக்கிறார்கள் என்று நினைப்பான். கேட்டால், "எல்லாம் நம்ம கன்ட்ரோல்ல இருக்கு" என்பான்.

ஒரு தடவை விழுந்தவன் வேறு ஆள். அவன் கார்க்காரன் முகத்தைப் பார்க்கமாட்டான், முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பான். நிறுத்தி வைத்த காரைத் தாண்டும்போது கதவு திறக்கும் என்று எதிர்பார்ப்பான். மணல், ஈர இலை, சாக்கடை மூடி எல்லாம் கண்ணில் படும். தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு ஓட்டுவான். புத்திமதி, அபராதம், விளம்பரப் பலகை எதுவும் செய்யாததை அந்த ஒரு விழுதல் செய்துவிடும். நான் இருபத்தாறு வயதில் முழங்கால் சில்லு உடைந்து கற்றுக்கொண்டேன். அதனால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அதைப் பிறத்தியாருக்குச் செய்து கொடுக்கலாம் என்று நானாக யோசிக்கவில்லை. அது ஒரு தவறிலிருந்து வந்தது. துணிக்கடைக்காரர் ஒருவர் வண்டியை விட்டிருந்தார். ஏதோ நினைப்பில் ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் கொடுத்துவிட்டேன். தெருமுனை தாண்டுவதற்குள் விழுந்தார். முழங்கைத் தோல் போனது, அவ்வளவுதான். எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் வந்தார். ஆளே மாறியிருந்தார். கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் பார்த்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் நகர்ந்தார். "அன்னிக்கு விழுந்தது நல்லதாப் போச்சுங்க. இல்லன்னா என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றார். நான் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல, அவராகச் சொன்னது.

இரண்டாவது ஆள் ஒரு வாத்தியார். அவரை நானே விழவைத்தேன். எப்படி என்பதை வேண்டுமானால் பிறகு தனியாக எழுதித் தருகிறேன். மணிக்கட்டு முறிந்தது. இப்போதும் எதிரே வந்தால் கை காட்டுவார். கை முழுசாகத் திரும்பாது, ஆனால் உயிரோடு காட்டுகிறார் இல்லையா. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இப்போது என் தங்கச்சி புருஷன் விஷயத்துக்கு வருகிறேன். காலாட்டுகிறேன் என்று பார்க்கிறீர்கள். பயமில்லை, சும்மா உட்கார்ந்தால் எனக்கு இப்படித்தான்.

அவன் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தான். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். பெட்டியைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு பறப்பான். மூன்றாம் வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் பட்டதில்லை. அவனை நான் வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அவன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். பேசிப் பார்க்காமலும் இல்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்பேன்.

"மெதுவாப் போனா ரத்தம் கெட்டுப்போயிடும் மச்சான்."

"உங்க ரத்தத்தையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"அது சூடா ஓடிட்டிருக்கு. கெடாது" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது.

தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். ஒருநாள் மத்தியானம் பட்டறைக்கு வந்து பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு அழுதாள். "வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு மூச்சே வரமாட்டேங்குதுண்ணா. நீ என்ன செய்வியோ ஏது செய்வியோ, எனக்குத் தெரியாது. அவர் உசுரோட இருக்கணும்" என்றாள். என்ன செய்வியோ ஏது செய்வியோ என்பது அவள் வாயில் வந்த வார்த்தை. அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். அவனுக்கு நல்ல ஹெல்மெட்டும், முழங்கை முழங்காலுக்குத் திண்டு வைத்த உடுப்பும் வாங்கித் தரச் சொன்னாள். நானும் இருப்பதிலேயே உசத்தியாகப் பார்த்து வாங்கினேன். எப்படியும் விழத்தான் போகிறான், அடி குறைவாகப் படட்டும் என்று எனக்கும் தோன்றியது. அதில்தான் கணக்குப் பிசகியது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று நாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆறரை மணிக்கு வருவான். மற்ற இடத்தில் எப்படிப் பறந்தாலும் அந்த வளைவில் நாற்பதுக்கு இறங்கிவிடுவான், குறுகலான வளைவு, தார் வேறு பெயர்ந்திருக்கும். ஓரத்தில் இடுப்பளவு புல். நாற்பதில் சறுக்கினால் புல்லில் போய் விழுவான், இடுப்பு எரியும், எழுந்து உட்கார்ந்து பெண்டாட்டியை நினைத்துக்கொள்வான். நாலாம் நாள் காலை பட்டறையிலிருந்து கழிவு எண்ணெய் கொண்டுபோய் அங்கே ஊற்றினேன். அவனுக்கு முன்னால் ஒரு கிழவர் சைக்கிளில் வந்தார். ஓடிப்போய் அவரை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை வந்தான். புது உடுப்பு, புது ஹெல்மெட், கையுறை. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போட்டிருந்தான். வண்டிச் சத்தம் குறையவே இல்லை. எழுபது இருக்கும். நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது திண்டும் தொப்பியும் அல்ல, தைரியம். இனிமேல் எனக்கு என்ன என்று வளைவில் சாய்ந்துகொண்டு வந்தான். நாற்பதில் வந்திருந்தால் இன்றைக்கு நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். புல்லைத் தாண்டிப் பறந்து, அதற்கு அப்பால் இருக்கிற மதகுச் சுவரில் மோதினான்.

அப்புறம் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். சாக்கில் மணல் கொண்டுபோயிருந்தேன். முதலில் அதை எண்ணெய்மேல் கொட்டிக் காலால் பரப்பினேன். அடுத்து வருகிறவன் விழுந்துவிடக் கூடாது பாருங்கள், பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. அப்போது மாப்பிள்ளை ஒரு கையைத் தூக்கினான். சரி, யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். உடனே போய்த் தூக்கிவிட்டால் வலி மனசில் நிற்காது. என் முழங்கால் உடைந்தபோது நான் அரை மணி நேரம் தனியாகக் கிடந்தேன், அந்த அரை மணிதான் என்னைத் திருத்தியது. அதனால் கொஞ்ச நேரம் விட்டேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டி உடைந்து சின்னச் சின்னக் குப்பிகள் ரோடெல்லாம் கிடந்தன. யார் வண்டி பஞ்சர் ஆகப் போகிறதோ என்று அதையும் பொறுக்கி ஓரமாகப் போட்டேன்.

போய்க் குனிந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டான். "மச்சான், நீங்களா" என்றான். அவன் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஸ்பீடா வந்தேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவா" என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த நாலு வருஷத்தில் தங்கச்சியிடம் அதை நான் மூச்சு விட்டதில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான்.

லாரி எண்ணெய் சிந்தியிருக்கிறது, ரோடும் மோசம் என்று அன்றைக்கு உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். தங்கச்சி அதை நம்பினாள். குழந்தை பிறந்து, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, அந்த வளைவைச் சரிசெய்யச் சொல்லி நாலு வருஷம் அலைந்தாள். கூட அலைந்தது நான்தான். ஆனால் உண்மையிலேயே ரோடு போட்டுவிடுவார்கள் என்று யார் கண்டது. அகலமான, வழுவழுப்பான வளைவு. இப்போது நாற்பதில் வருகிறவன் எல்லாம் நாளைக்கு எழுபதில் வருவான். நான் ஊற்றியது ஒருநாள் எண்ணெய். இவர்கள் ஊற்றுவது தினமும் இருக்கும். அதனால்தான் வாயைத் திறந்தேன், வேறொன்றுமில்லை.

அதோடு தங்கச்சியும் தினமும் அந்த வழியாகத்தான் போகிறாள். பரிசோதனைக்கூடத்தில் அவன் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். நான்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் வருஷம் என் கையை விடவே மாட்டாள். இப்போது மூன்றாம் வருஷம். போன வாரம் பையனை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு பட்டறை வாசலைச் சர்ரென்று தாண்டிப் போனாள். கூப்பிட்டுக் கண்டித்தேன். "நீ சும்மா பயந்து சாகாதண்ணா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தாள். அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கூடப் பிறந்தவள் என்று எனக்கு இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்தி. அவளையும் பறிகொடுத்துவிட்டு நான் யாருக்காக இருப்பது.

இன்று காலை வண்டியைச் சர்வீசுக்கு விட்டாள். மத்தியானம் வந்து எடுத்துக்கொண்டு போனாள். முன்சக்கரத்தில் கொஞ்சமாகத்தான் கை வைத்திருக்கிறேன், பக்கத்துத் தெருவில் வீடு, அதுவரைக்கும் தாங்கும். இந்தத் தடவை உடுப்பு, திண்டு எதுவும் வாங்கிக் கொடுக்கவில்லை, அந்தத் தப்பை மறுபடி செய்வேனா. பஸ் டிரைவரோ யாரோ விழவைப்பதற்கு, கூடப் பிறந்தவன் கையால் அளவாக நடப்பது எவ்வளவோ மேல்.

ஏன் எழுந்துவிட்டீர்கள், உட்காருங்கள். மணி மூன்றரைதான் ஆகிறது. பையனுக்குப் பள்ளிக்கூடம் விடுவது நாலு மணிக்கு. கூப்பிடப் போகும்போது அவள் தனியாகத்தான் போவாள், திரும்பும்போதுதான் அவன் வண்டியில் இருப்பான். விழுவது போகும்போதுதான். இதைக்கூட யோசிக்காமல் செய்கிறவனா நான்.