நாலாவது இலை

ஆர்கிட் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது. நான் சொன்னால் நம்பலாம். இரண்டு செடிகளை ஊற்றியே கொன்றவன். மூன்றாவதை எங்கள் மகள் காயத்ரி பெங்களூரிலிருந்து அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிவந்தாள். அதை நான் எடுத்துக்கொண்டதில் வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருடம் பட்டுச்சேலைக்குக் கட்டத்தாளில் டிசைன் போட்டேன். கட்டத்தாளில் வளைவு கிடையாது. மயிலின் கழுத்தும் படிப்படியாகத்தான் இறங்கும். வேலையை விட்டபின் ஒருநாள் ஃபோனில் சீன ஓவியம் பார்த்தேன். கரிய மையில் ஆர்கிட் இலை, அடியிலிருந்து நுனிவரை ஒரே வீச்சு. நடுவில் தூரிகையை எடுத்தால் இலை செத்தது. அறுபத்தொரு வயதில் எனக்குக் காதல் வந்தது, அதுவும் புல் மாதிரி ஒன்றின் மேல்.

என் மனைவி கலைவாணி நான் வரைந்த முதல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னாங்க இது, வெங்காயத் தாளு மாதிரி இருக்குது? சாம்பாருக்கு ஆவுமா?”

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கலைஞர்கள் அப்படித்தான்.

காயத்ரி கொண்டுவந்த செடி மூன்றாவது தை மாதம் பூத்தது. வீடு முழுக்க மணம். மதியம் வரைய உட்கார்ந்தேன். கலைவாணிக்கு ஆஸ்துமா, காலையில் மருந்துக்கடையில் வாங்கிய அவளுடைய புது இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று இலைகள் நன்றாக வந்துவிட்டன. அதற்குமுன் இரண்டுகூட வந்ததில்லை. நாலாவதைத் தொடங்கியபோது, மிளகாய் தாளித்த புகையோடு அவள் சமையலறையிலிருந்து வந்தாள்.

“ஏங்க… பம்ப்பு வாங்கியாந்தீங்களா?”

“இரும்மா. இலையில இருக்கேன்.”

“அது எங்க… ஓடியா போவுது? குடுங்க.”

ஓடாதுதான். ஆனால் மை காய்ந்துவிடும். அவள் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தாள். மூச்சுக்கு அவள் திணறும் சத்தம் கேட்டது. கை நடுங்கிவிடக் கூடாதே என்று மணிக்கட்டை இறுக்கிக்கொண்டேன். இலை முடிந்தது. பூ பாக்கி இருந்தது: ஐந்து இதழ், நடுவில் மூன்று புள்ளி. அப்புறம் பெயர், தேதி. பிறகு எழுந்துபோய் இன்ஹேலரை நீட்டினேன். வாங்க அவள் கை வரவில்லை.

“அந்தப் பூவு வாசனதான்பா ஆளக் கொன்னுச்சி,” என்றார் என் மைத்துனர் தணிகாசலம். “இழுப்பு இருக்கிறவ வூட்ல இத்த யாரு வாங்கி வெச்சது?”

“நான்தான் மாமா,” என்றாள் காயத்ரி.

தொட்டியை அவளே தூக்கிப்போய்க் குப்பையில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அவள் மல்லிகைகூட வைத்துக்கொள்வதில்லை. எனக்கும் வருத்தம்தான், நல்ல செடி அது. அதன்மேல் தவறில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஓவியத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பார்ப்பவர்கள் நாலாவது இலையைத்தான் பாராட்டுகிறார்கள். கூப்பிட்டவுடன் எழுந்திருந்தால் கலைவாணி பிழைத்திருப்பாள். இலை பாதியில் நின்றிருக்கும். அதை அவளே விரும்பியிருக்க மாட்டாள்.