கதவுக்கு இஞ்சாலை

கிறீச்... கேட்டுதோ பிள்ளை? பயப்பிடாதேங்கோ, எங்கடை பில்டிங் லிப்ற்தான். நீங்கள் அதிலையோ வந்தனீங்கள்? நான் அஞ்சாம் மாடிக்கும் படியாலைதான். முந்தி என்ரை மனிசி றோசலின் பகிடி பண்ணுவாள், இப்ப இல்லை. அவள் வேலையாலை வாறதுக்கிடையிலை கறி வைக்கவேணும், லீக்ஸ் வெட்டிக்கொண்டே கதைக்கிறன், குறை நினையாதேங்கோ சாம்பவி. கர்க்லாண்டிலை இருந்து பஸ்ஸும் மெற்றோவும் மாறி வந்திருக்கிறியள், தேத்தண்ணியைக் குடியுங்கோ.

ஓம், ஓம், வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளை, அப்பீலுக்கு என்னை ஆயத்தப்படுத்தத்தானே வந்தனீங்கள். வேலையிலை காயப்பட்டவைக்குக் காசு குடுக்கிற கந்தோர் எனக்கு ஏன் மாட்டன் எண்டது எண்டு விளங்குது. என்னோடை வேலை செய்த நகுலேஸ் விழுந்ததை நான் காணேல்லை. பொலிசிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன். காணாமல் கேக்காமல் ஒருத்தனுக்கு எப்பிடி மனவருத்தம் வரும்? ஞாயமான கேள்விதான். அவையின்ரை டொக்ரர் சொல்லுறார், ஊரிலை கேட்ட செல்லடிதான் இப்ப என்ரை தலைக்குள்ளை வெடிக்குதாம். ஐயா, பொம்பர் சுத்தேக்கையும் குறட்டை விட்டவன் நான், காலிலை பிடிச்சு இழுத்துத்தான் பங்கருக்குள்ளை போட்டவை எண்டன். அவர் சிரிக்கேல்லை. குனிஞ்சு எழுதினார்.

நடந்ததோ? டவுன்டவுனிலை ஒரு ஹோட்டல். நான் பேஸ்மென்றிலை உடுப்புத் தோய்க்கிற இடம். நகுலேஸ் மேலை ஊத்தைப் பெட்சீற்றுகளைச் சேத்து வண்டிலோடை சாமான் லிப்றிலை கொண்டு வருவான். வண்டிலைத் தள்ளமாட்டான், பின்பக்கமா நடந்து இழுப்பான். தள்ளடா எண்டா, நீங்கள் கிழவி மாதிரி அண்ணை எண்டுவான். அண்டைக்கு மேலை கதவு திறந்திட்டுது, லிப்ற் வந்து நிக்கேல்லை. திரும்பிப் பாக்காமல் காலை வைச்சிட்டான்.

நான் கீழை, மூடின கதவுக்கு இஞ்சாலை. அந்த இரும்புக் கதவு எங்களுக்குத் திறவாது. தீயணைக்கிறவங்கள்தான் வந்து திறக்கவேணும்.

என்ன? பொறுங்கோ, இந்த லீக்ஸ் இருக்கே, இதழுக்குள்ளை மண்ணை ஒளிச்சு வைச்சிருக்கும்...

ஓம் பிள்ளை. கேட்டது.

அவன் உடனை சாகேல்லை. முதல் குளறினான். பேந்து, அண்ணை நிக்கிறியளோ எண்டான். நிக்கிறன்ரா எண்டன். திருப்பியும், அண்ணை நிக்கிறியளோ. நிக்கிறன். வேறை கதை இல்லை. அவன் கேக்கிறதை விட்டாப் பிறகும், கதவிலை நெத்தியை வைச்சுக்கொண்டு நிக்கிறன், நிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனாம். தீயணைக்க வந்தவங்கள்தான் என்னைப் பிடிச்சு இழுத்தவங்கள். இப்பவும் உந்த லிப்ற் ஓடினா அவன் கேக்கிறான். வாய் தன்பாட்டிலை மறுமொழி சொல்லும். ஆரோடை கதைக்கிறியள் எண்டு கேக்கிறதை றோசலினும் விட்டிட்டாள்.

உதைச் சொன்னா வெல்லலாம், விளங்குது. பொலிசிலை ஏன் மாத்திச் சொன்னது எண்டு கேப்பினம், அண்டைக்கு மொழிபெயர்த்த ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடவேணும். அவ்வளவுதானே?

விசாரிச்சது ஆஸ்பத்திரி நடையிலை வைச்சு. பொலிஸ்காரனுக்குப் பிரெஞ்சு மட்டும். எனக்கு போஞ்சூர், மெர்சி. அங்கை நிண்ட தமிழாக்களிலை பிரெஞ்சு தெரிஞ்சது ஓராள்தான், கார்டெறியிலை பிள்ளையள் பாக்கிறவ. அவன் கேட்டதை அவ என்ரை முகத்தைப் பாத்துக் கேட்டவ. சத்தம் ஏதும் கேட்டதோ அண்ணை? அவர் வலியிலை கிடந்தவரோ அண்ணை? ரண்டாவதைப் பொலிஸ் கேட்டதோ, அவவாக் கேட்டதோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது.

ஓம். செல்வமலர். நகுலேஸின்ரை மனிசிதான்.

ஒரு சத்தமும் இல்லைத் தங்கச்சி, உடனை முடிஞ்சுது எண்டன். அவ அதைப் பிரெஞ்சிலை வடிவாச் சொல்லி முடிச்சிட்டுத்தான் அழுதவ.

இனி அவவைக் கொண்டுபோய் ஒரு கதிரையிலை இருத்தி... வேண்டாம் பிள்ளை. நான் ஒண்டும் கேக்கேல்லை எண்டே கிடக்கட்டும். அப்பீலை விட்டிடுங்கோ. றோசலினுக்கு நான் சொல்லுவன்.

இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. அந்தத் தட்டை இஞ்சாலை தள்ளிவிடுங்கோ, மிச்சத்தையும் வெட்டிப்போடுவம்.