குறவுண்டோ?

மட்டாஞ்சேரியில் ஒரு சர்க்கார் டிஸ்பென்சரியில் மருந்துக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் போல அவர்களும் வீட்டிலிருந்து காலிக் குப்பி கொண்டுவந்திருந்தார்கள்.

“கம்பௌண்டர் ‘குறவுண்டோ’ன்னு கேப்பார். உண்டுன்னு மட்டும் சொல்லிடாதே,” என்றாள் மூத்தவள்.

நோய் தணிந்திருக்கிறதா என்று மலையாளத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

“ஏங்க்கா?”

“தேவலைன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. சர்க்கார் அனுப்பறது பாதிப் பேருக்குத்தான் காணுமாம். எங்க வீட்டுக்காரர் பெருமையா ‘குறவுண்டு’ன்னு சொல்லிட்டு வந்தார். அதோட நின்னுது. இப்ப மறுபடி படுத்துட்டார். பழைய ஆளுன்னு கெஞ்சி வாங்கிட்டிருக்கேன். உன் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?”

இளையவள் குப்பியின் கழுத்தில் கட்டியிருந்த சிவப்பு நூலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவர் போன வாரம் போயிட்டாருக்கா.”

“அய்யோ! அப்புறம் இந்தக் குப்பி யாருக்குடி?”

“மகளுக்கு. அவளுக்கும் அதே இருமல். புது ஆளுக்கு இப்ப மருந்து கிடையாதுன்னுட்டாங்க. கம்பௌண்டருக்கு யார் முகமும் நினைவிருக்காது. இந்த நூலை வெச்சு எங்க வீட்டுக்காரர் குப்பியைத்தான் தெரியும்.”

மூத்தவள் இளையவளின் முந்தானையை இழுத்து, அந்த வெறுங்கழுத்தை மூடிவிட்டாள்.

ஜன்னலுக்கு உள்ளிருந்து கம்பௌண்டர் கை நீட்டினார். சிவப்பு நூலைப் பார்த்ததும் நிமிராமலே கேட்டார்.

“ஆளுக்கு குறவுண்டோ?”

“இல்ல சாரே,” என்றாள். “கொஞ்சமும் குறவில்ல.”