ஆடியையும் எண்ணச் சொன்ன மலர்கொடி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் புவனேஸ்வரி அம்மா அவர்களே! நம் பாடாலூர் ஸ்கைடைவிங் மையத்தின் உரிமையாளர் பாலசுந்தரம் ஐயா அவர்களே! மனைவி மலர்கொடியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராசாங்கம் மாமா அவர்களே! ரஞ்சன்குடியிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே! என்னோடு வேலை செய்யும் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் மணிமாறன். ஆண்டிமடத்துக்காரன். விமானத்திலிருந்து குதிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை என் மார்போடு கட்டிக்கொண்டு குதிப்பது என் வேலை. அதற்கான பாராசூட்டை மடித்துக் கொடுப்பது நம் தலைமைப் பேக்கர் மலர்கொடி அக்காவின் வேலை. ஆறு ஆண்டுகளில் ஆயிரம் முறைக்கு மேல் அவர் கை மடித்ததை நம்பிக் குதித்திருக்கிறேன். அந்தக் கை மாசிக் கடைசியில், நாற்பத்து நான்கு வயதில், மாரடைப்பில் ஓய்ந்துவிட்டது.

எனக்கு முன் பேசியவர்கள் அக்காவைத் தெய்வம் என்றார்கள். மன்னிக்க வேண்டும். தெய்வம் தவறு செய்யாது. அக்கா ஒரு தவறு செய்தார். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அது மலர்கொடி அக்காவுக்கான புகழாக இருக்காது.

ரஞ்சன்குடி உறவினர்களுக்கு நம் தொழில் புரிய ஒன்று சொல்கிறேன். குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது விரியாவிட்டால் காப்பாற்ற இரண்டாவது. அதற்கு ரிசர்வ் என்று பெயர். அதைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நூற்றெண்பது நாளுக்கு ஒரு முறை பிரித்து, சோதித்து, மறுபடி மடிக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

நம் ஊரில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் முழுக்க நம் விமானம் எழாது. பாராசூட்டுகள் பீரோவில் தூங்கும். அக்காவின் நோட்டில் ஆடி மாதமே இருக்காது. ஆனி முப்பத்திரண்டுக்கு அடுத்த நாள் ஆவணி ஒன்று! ஏன்? பறக்காத நாள் ஒரு நாளா என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தோம்.

இந்தக் கணக்கை நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? அக்காவின் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் உழைத்தவர்கள். நடவு இருந்தால் அது நாள். மழை பெய்து வேலை நின்றால் அது நாள் இல்லை. பசித்தது, உடம்பு தேய்ந்தது, வயதும் ஏறியது. ஆனால் அந்த நாள் யாருடைய நோட்டிலும் ஏறவில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படி எண்ணப்பட்டவர்கள் நாம். அதனால்தான் நாமும் அப்படியே எண்ணினோம். துணிக்கும் ரப்பருக்கும் அந்த நியாயம் தெரியுமா? வேலை இல்லாத நாளிலும் அவை தேயும். மனிதர்களைப் போலவே!

போன புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து பத்தொன்பது பேர் குதிக்க வந்திருந்தார்கள். அன்று காலை அக்கா ஒரு ரிசர்வைப் பிரித்தார். உள்ளே ரப்பர் பட்டைகள் வெயிலில் இளகி, கயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. அப்படி ஒட்டினால் பாராசூட் விரியாமலே போகலாம். அக்கா சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்து, விரல் வைத்து எண்ணினார். இருநூற்றுப் பதினொரு நாள்! ஆவணி முழுக்க அந்த ரிசர்வை முதுகில் கட்டிக்கொண்டு ஆட்கள் குதித்திருக்கிறார்கள். அது தேவைப்படாமல் போனதால் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அவர் என்ன செய்திருக்கலாம்? பட்டையை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா ஏழு ரிசர்வ்களையும் தூக்கி வந்து மேசையில் போட்டார். பத்தொன்பது பேருக்கும் முன்னால் ஐயாவிடம் சொன்னார்: "தப்பு என்னோடதுங்க. இன்னிக்கு யாரும் குதிக்கக் கூடாது."

வந்திருந்தவர்களில் ஒருவர், பத்தாங்கிளாஸ் படித்தவளிடம் உயிரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அக்கா அவரைப் பார்த்து, "பத்தாங்கிளாஸ் படிச்சதாலதான் சார் எண்ணத் தெரிஞ்சுது" என்றார். அவர் போய் காரில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலை அக்கா வேறு மாநிலத்து மையம் ஒன்றில் தனக்குத் தெரிந்த ஒரு பேக்கருக்கு போன் போட்டார். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாராம். அந்த வகை ரப்பர் வெயிலில் இளகும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்கைடைவிங் மையங்களின் தேசிய சங்கத்திலிருந்து எல்லா மையங்களுக்கும் எச்சரிக்கைத் தாள் வந்ததே, உங்களுக்கு வரவில்லையா என்று கேட்டாராம்.

வரவில்லை. எப்படி வரும்? நாம்தான் சங்கத்தில் உறுப்பினரே இல்லையே! நம் வாசலில் 'சர்வதேசத் தரம்' என்று ஒரு போர்டு இருக்கிறது. அந்தத் தரத்தைச் சோதித்துக் கொடுத்தவர் யார்? பெரம்பலூர் பேனர் கடைக்காரர்!

அன்றிலிருந்து அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: சங்கத்தில் சேர வேண்டும். பாலசுந்தரம் ஐயா மறுத்தார். அவர் சொன்ன காரணம் முட்டாள்தனமானது அல்ல. "சுண்ணாம்புக்கல் லாரிக்குக்கூடத்தான் எஃப்.சி. இருக்கு மலரு. அரியலூர் ரோட்டுல ஆள அடிக்கிறது அதுதானே?" என்று கேட்டார். உண்மைதான். சான்றிதழ் மாட்டிய வண்டிகள் நம் சனங்களை அடித்துப் போட்டதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! சங்கத்தில் சேர்ந்தால் யாரும் சாகமாட்டார்கள் என்று இந்த மேடையில் நான் பொய் சொல்லப்போவதில்லை. தலைநகரத்தில் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

நானும் எதிர்த்தேன். எனக்கு இருந்த காரணம் வேறு. சங்க விதிப்படி ரிசர்வை மடிக்கத் தேர்வு எழுதிச் சான்று பெற்றவருக்கு மட்டுமே உரிமை. தேர்வு ஆங்கிலத்தில். அக்கா ஒரு முறை எழுதித் தோற்றிருந்தார். ஒரு நாள் மடிக்கும் கூடத்தில் அவரிடமே சொன்னேன், சேர்ந்தால் முதலில் உன்னைத்தான் வெளியே அனுப்புவார்கள் என்று. கோபமாகத்தான் சொன்னேன். நம் ஆட்கள் கையால் கற்ற தொழிலை ஆங்கிலத்தைக் காட்டிப் பிடுங்குகிற அமைப்பில் நாம் ஏன் போய் விழ வேண்டும்?

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அனுப்பட்டும்டா. நான் ஒருத்தி வூட்டுக்குப் போவேன். கேக்க ஆளே இல்லாம நாம்பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருந்தா எத்தன பேரு சுடுகாட்டுக்குப் போவான்?" என்றார். பிறகு, "தமிழ்ல பரீட்சை வெய்யினு கேக்கணும்னாலும் உள்ள போயித்தானே கேக்கணும்? வெளிய நின்னு கத்துனா நாய் கொலைக்குதும்பான்" என்றார்.

அன்றோடு நான் எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

தோழர்களே! சங்கத்தின் பெருமை சான்றிதழில் இல்லை. ஒரு மூலையில் நடந்த தவறு இன்னொரு மூலைக்குத் தெரிவதில் இருக்கிறது. எங்கோ இளகிய ரப்பர் பாடாலூரில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். பாடாலூரில் தப்பாக எண்ணிய நாள் வேறெங்கோ ஒருவரைக் காப்பாற்றும். தனியாக நிற்கும் மையத்துக்கு ஒவ்வொரு பாடத்தையும் ஒரு பிணம்தான் வந்து சொல்ல வேண்டும். அந்த விலையை யார் கொடுப்பார்? காசு கட்டிக் குதிக்க வருகிறவரும், அவரை மார்போடு கட்டிக்கொண்டு குதிக்கும் என்னைப் போன்றவர்களும்!

இப்போது நம் முன்னால் இருப்பதைப் பேசுகிறேன். புரட்டாசியில் அக்கா மடித்த ஏழு ரிசர்வ்களுக்கும் இந்த வாரத்தோடு நாள் முடிகிறது. அவற்றை மடித்தவர் இல்லை. சான்று பெற்றவர் நம்மிடம் எவரும் இல்லை. பங்குனியில் குதிக்க வருகிறவர்கள் கூட்டம் வேறு. பேக்கர்களில் ஒருவர் மடித்துவிட்டால் போயிற்று என்று ஒரு பேச்சு கிளம்பியது. நேற்று மாலை நாங்கள் பதினோரு ஊழியர்களும் உட்கார்ந்து பேசினோம். முடியாது என்று முடிவெடுத்தோம். இன்று காலை ஐயாவிடம் போய்ச் சொன்னோம். அவர் ஒரு மணி நேரம் எங்களைத் திட்டினார். வயிற்றெரிச்சலில் நாங்களும் பதிலுக்குப் பேசினோம். கடைசியில் அவர் ராசாங்கம் மாமாவைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். மாமா அதிகம் பேசமாட்டார். "அவ உசுரோட இருந்தா இப்ப ஒங்கள உட்டுருப்பாளாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஐயா சிரித்துவிட்டார். அழுதுகொண்டேதான் சிரித்தார். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்! அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன்: தாமதம்தான் ஐயா. ஆனாலும் போட்டீர்கள். நன்றி.

ஏழு ரிசர்வ்களும் நாளை காலை பார்சலில் சான்று பெற்றவரிடம் போகின்றன. திரும்பி வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை நம் ஓடுதளத்தில் விமானம் எழாது. முன்பதிவு செய்தவர்களுக்கு உண்மைக் காரணத்தையே சொல்லிவிட்டோம். சிலர் திட்டினார்கள். பலர் காத்திருக்கிறோம் என்றார்கள்.

அடுத்த தேர்வை நாங்கள் நான்கு பேர் எழுதுகிறோம். வினாத்தாள் தமிழிலும் வேண்டும் என்ற மனுவைச் சங்கத்துக்கு உறுப்பினர்களாகவே அனுப்புகிறோம். மறுத்தால் மறுபடியும் அனுப்புவோம். சோதனைக்கு ஆள் வரும்போது நம் குறைகளை அவர் தேடவேண்டியதில்லை, நாமே எடுத்து மேசையில் வைப்போம். மலர்கொடி அக்காவுக்கு நாங்கள் தரும் வாக்கு இது.

ராசாங்கம் மாமா! ஐந்து வாரம் கழித்து முதல் விமானம் எழும்போது நீங்கள் ஓடுதளத்துக்கு வர வேண்டும். அன்று முதலில் குதிப்பவன் நான்.