வாரின் பிரபுவைக் கல்லில் படுக்க வைத்த கதை

சிங்கமா? அவர் காலடியில படுத்திருக்கறது சிங்கமா? ஐயையோ, எந்தப் புண்ணியவான்ப்பா இதை வரையச் சொன்னது? ட்ரோகோவா? அதானே! மூத்த தாரத்துப் பிள்ளையாச்சே, அப்பாவைப் பத்தி அவனுக்கு இருக்கற நினைப்பே தனி. மேஸ்திரி, நீ நாட்டிங்காம்லேர்ந்து பளிங்கை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தவன். எங்க வீட்டுக்காரரை உயிரோட பாத்தவனா நீ? கல்லறைக்கு மேல அவர் சிலை எப்படிப் படுக்கணும்னு அவர் பொண்டாட்டியைக் கேக்க வேண்டாமா? சரி சரி, நீ பாட்டுக்குத் தரையில கரியால வரை, அப்புறம் கல்லுல செதுக்கிக்கோ. உன் வேலையை நான் கெடுப்பேனா?

சிங்கத்தை விடு, வீட்டுப் பூனைக்கே பயப்படுவார் வாரின் பிரபு. ஹார்கோட் சீமைக்கே எஜமான்! அது அவர் நாற்காலியில ஏறிப் படுத்துக்கிச்சுன்னா, இவர் சத்தம் போடாம ஜன்னல் திண்டுல போய் உக்காந்து சாப்பிடுவார்.

அப்புறம் இந்தக் கவசம்... கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் இரும்பு! இதைப் போட்டுக்கிட்டு பிரான்சுக்குச் சண்டைக்குப் போனார், இல்லைங்கலை. ஊரே கூடி வழியனுப்பிச்சுது. கப்பல் ஏறினா வாந்தி, இறங்கினா வயித்துப்போக்கு. ராஜா அந்தப் பக்கம் வாளை உருவிக்கிட்டு நிக்கறார், இவர் கூடாரத்துக்குப் பின்னால குந்திக்கிட்டிருக்கார். அந்த இரும்பை அவுக்கவே ரெண்டு ஆள் வேணும், அவசரத்துல... சிரிக்காதே! செத்த மனுஷன். திரும்பி வந்து இறங்கறப்போ கப்பல் பலகையில வழுக்கி விழுந்து கால் பிசகிடுச்சு. அந்த நொண்டலைத்தான் ட்ரோகோ விருந்துக்கு விருந்து 'போர்ல பட்ட காயம், போர்ல பட்ட காயம்'னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். இவரும் கூச்சமே இல்லாம தலையாட்டுவார்.

தலைமாட்டுல என்ன, தேவதையா? ஒண்ணு இல்லை, ரெண்டு! இது என் நாத்தனார் இடோனியா வேலை. கன்னிமடத்துல தலைவியா இருக்கா பாரு, அவளுக்கு அண்ணன்னா அரைப் புனிதர். இதே கோயில்ல, இதோ இந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டு அந்தப் புனிதர் விட்ட குறட்டை இருக்கே... பிரசங்கம் பண்றவரே நிறுத்திட்டு எங்களைப் பாப்பார். எனக்குத் தலையை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாது.

எப்படிச் செத்தார்னு சொன்னாங்களா உனக்கு? 'குளிர் ஜுரம்'னு நாசூக்காச் சொல்லியிருப்பாங்க. குளிர் எங்கேர்ந்து வந்துச்சாம்? இந்தக் கோயிலைச் சேர்ந்த சாமியார் மடத்துக் குளத்துலேர்ந்து!

தவக்காலம்ப்பா. கறி கிடையாது, முட்டை கிடையாது, எந்நேரமும் கருவாடு. 'மரத்தூள் மாதிரி தொண்டையில இறங்குது, ஒரு நல்ல மீன் இருந்தா எப்படி இருக்கும்'னு சாப்பாட்டு மேஜையில சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். நான் சொல்றதைக் காதுல வாங்கற ஆளா அவர்? இத்தனை வருஷத்துல வாங்கினதே இல்லை! அன்னைக்குன்னு பாத்து வாங்கித் தொலைச்சுட்டார். மறுநாள் விடிஞ்சும் விடியாம மடத்துக் குளத்துல இடுப்பளவு தண்ணியில நிக்கறார், கையில வலை! மார்ச்சு மாசத்துத் தண்ணி, ஐஸ் மாதிரி! சாமியாருங்க வளைச்சுக்கிட்டாங்க. மடாதிபதி கரையில நின்னு, 'பிரபு, என்ன பண்றீங்க?'ன்னு கேக்கறார். இவர், 'குளம் எவ்வளவு ஆழம்னு பாத்தேன், சாமி'ங்கறார். வலைக்குள்ள மீன் துள்ளிக்கிட்டிருக்கு! பிடுங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. அந்த மீன் யார் தட்டுக்குப் போச்சுன்னு கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டு நான் பேச மாட்டேன். சொட்டச் சொட்ட வெறுங்கையோட வந்து படுத்தார். அதோட சரி.

இப்போ அதே மடாதிபதி, 'பீடத்துக்குப் பக்கத்துலயே இடம் தர்றோம், மகான் அவர்'ங்கறார். ட்ரோகோ மடத்துக்கு நிலம் எழுதிக் குடுத்தப்புறம் ஆனார் மகான்.

ஏம்ப்பா, நீ என்ன அந்த ஓரத்தை மறைச்சுக்கிட்டே நிக்கறே? நகரு... நகருங்கறேன்ல! ஓ, பக்கத்துல ஒரு பொம்பளை. நான்தானே? இவ்வளவு ஒல்லியாவா? இருக்கட்டும், கல்லுலயாவது... ஆனா மூக்கு என் மூக்கு இல்லையே. ஏன் தலையைக் குனிஞ்சுக்கறே?

ஓ.

அமாபெல்... ட்ரோகோவைப் பெத்தவ.

இந்தப் பக்கம் யாரு? யாரும் இல்லையா? வெறுந்தரைதானா?

'சின்னம்மாவுக்கு அப்புறம் பாத்துக்கலாம்'னு சொன்னானாக்கும். நடை பழக்கினது நான்ப்பா. அம்மை போட்டப்போ அவன் சொறிஞ்சுக்காம ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்...

ஏய் ஏய், அவளை ஏன் அழிக்கறே! விடு. அவ என்ன பண்ணுவா பாவம், பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு அன்னைக்கே போய்ச் சேந்தா. இருபது வயசுகூட ஆகலை. எனக்கு இந்த வீட்டுல அவளோடயேதான் குடித்தனம். நரைக்காதவ, சண்டை போடாதவ, அவளோட யாரு போட்டி போட முடியும் சொல்லு? அந்தப் பக்கம் அவ இருக்கட்டும். இந்தப் பக்கம் என்னைப் படுக்க வை. ட்ரோகோகிட்ட நான் பேசிக்கறேன், நீ பயப்படாதே.

சிங்கமும் இருக்கட்டும், தேவதையும் இருக்கட்டும், போ. அவரோட இந்தக் கும்பிட்ட கையை மட்டும் மாத்து.

கடைசி நாள் சாயங்காலம், ஜுரம் கொதிக்குது. கண்ணைத் திறக்கலை. 'அமாபெல்... அமாபெல், மீன் நழுவிடுச்சு'ங்கறார். இடோனியா என் மூஞ்சியைப் பாக்கறா. நான் என்ன பண்ண? 'பரவாயில்லைங்க, நாளைக்குப் பிடிச்சுக்கலாம்'னேன். சிரிச்சார்ப்பா. பேரு அவ பேருதான்... ஆனா மீன் கேட்டது நான்தானே? பிடிச்சிருந்தது என் கையைத்தானே? உயிர் போனப்புறமும் விடலை. இடோனியாதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தா.

அது மாதிரி செதுக்கு. உன்னால முடியுமா? கல்லுல பிடி தெரியணும்.

என்ன, என் கையைக் கேக்கறியா? அளவுக்கா? இந்தா. இப்படியா? இன்னும் கொஞ்சம் மடக்கணுமா...

வாயையும் மூடணுமா? கைக்கும் வாய்க்கும் என்னப்பா...

சரி. சரி, ஆடலை.