மங்காத வெளிச்சம்

நல்ல டார்ச் என்றால் கடைசிவரை மங்கக்கூடாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், ஐயா. நானும் யாரையும் திருத்தியதில்லை.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பதினாறு வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, ஃபேன், சார்ஜர். தனி ஆள். ஒரு நாள் முழுக்க நான் பேசுவதை எழுதினால் உங்கள் தாளில் அரைப் பக்கம் வராது.

தர்மிளா மேல் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுபவள். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவாள். அதைச் செய்து கொடுத்தவன் நான். ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு எல்.ஈ.டி., நடுவில் ஒரு ரெசிஸ்டர். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். சனிக்கிழமைதோறும் கொண்டுவருவாள்.

“பெனடிக் அண்ணே, மறுபடி மங்குது. நீங்க ரிப்பேர் பண்றீங்களா, ஜெபம் பண்றீங்களா?”

முனைகளைத் துடைத்துக் கொடுப்பேன். இரண்டு நிமிட வேலை. அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவாள். நாலரைக்கு லயத்து வீட்டை விட்டு இறங்குவது, நாலு ஐம்பதுக்கு ஏதண்டையைக் கடப்பது எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும். ஏதண்டை என்றால் ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் இரண்டு கமுகு மரம். பிடித்துக்கொள்ளக் கயிறுகூடக் கிடையாது, கீழே பாறை. லைட் மங்கினால் பால் வெட்டுபவர்கள் அதில் கால் வைப்பதில்லை. இக்கரையிலேயே நின்று, பின்னால் வருபவரோடு சேர்ந்து கடப்பார்கள். அந்தத் தோட்டத்தின் வழக்கம் அது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

“நல்லதா ஒன்னு மாட்டிக் குடுங்கண்ணே. வாரா வாரம் எறங்கி வர முடியல. எஸ்தரக்கா வேற கேக்குது, அந்த மனுசனுக்கு ஒன்னைய விட்டா வேற வேலையே இல்லையாடின்னு.”

எஸ்தர் அவளோடு பால் வெட்டுபவள், பக்கத்து லயம். தர்மிளா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இதில் மூன்று வழி உண்டு. ரெசிஸ்டர் மலிவு, மங்கும். ஒரே அளவாக மின்சாரம் விடும் சிறு சிப் அதைவிட நல்லது. அதுவும் கடைசியில் மெல்ல மங்கும். மூன்றாவது, வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த சர்க்கிட். பேட்டரி நாலு வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் வெளிச்சம் ஒன்றுதான். மூன்றைத் தொட்டதும், பேட்டரி கெடாமல் இருக்க, ஒரேயடியாக நிறுத்திவிடும். மிகச் சிறந்தது அதுதான். அதையே மாட்டினேன். பேட்டரி மட்டும் பழையதாகத் தேர்ந்தெடுத்தேன்.

கடையில் மூன்று தடவை எரியவிட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து நிமிடம். திங்கட்கிழமை வேலைக்கு எழுபத்தைந்து போகும். செவ்வாய்க்கு மீதி இருபது.

“இனி மங்காதுல்ல?” என்று கேட்டாள்.

“மங்காது.”

“ஞாயித்துக்கெழம சார்ஜ் போட்டா?”

“புதன் வரைக்கும் தாங்கும்.”

முதல் பதில் உண்மை.

அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் செவ்வாய்க்கிழமை விடியுமுன் நானே ஓடைக்குப் போனேன். அக்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். கையில் பெரிய டார்ச் இருந்தது. இருட்டில் ஒருமுறை நின்றால், யார் வேண்டும் என்று அவளுக்குப் புரியும். நான் வெளிச்சம் காட்டி அழைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் திட்டம்.

தனியாகத்தான் வந்தாள். லைட் பளிச்சென்று எரிந்ததால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நடு ஏதண்டையில் அணைந்தது. அசையாமல் நின்றாள். கெட்டிக்காரி. நெற்றியில் இரண்டு மூன்று தடவை தட்டினாள். எனக்கும் அவளுக்கும் பத்தடிகூட இல்லை. மூச்சு வாங்குவது கேட்டது.

பிறகு கூப்பிட்டாள். “எஸ்தரக்கா, எஸ்தரக்கா” என்றாள்.

காத்திருந்தேன். மறுபடியும் எஸ்தரைத்தான் கூப்பிட்டாள். அதன்பின் ஒரு கால் எடுத்து வைத்தாள். அங்கே மரம் இல்லை.

டார்ச்சைப் போட எனக்குப் போதிய நேரம் இருந்தது, ஐயா. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை என் பெயரைச் சொல்லியிருந்தால் நிச்சயம் போட்டிருப்பேன்.